ஸ்ரீரங்கப்பட்டணத்தின் இரண்டு போர்ப்படங்கள்

பெங்களூரிலிருந்து மைசூர் போகிறவர்கள் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கநாதரைச் சேவித்ததும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி தரியா தௌலத் பாக் இருக்கிறது, 1784-இல் திப்பு கட்டிய கோடை மாளிகை. நேரம் ஒதுக்கி அங்கேயும் போய்வாருங்கள்.

தாழ்வாரத்தில் வெயில் படாமலிருக்கத் திரை தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி, நம்ம காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கிய நாள். சிவப்புக் கோட்டுக்காரர்கள் சதுர வியூகம் கட்டி, துப்பாக்கியை நீட்டியபடி நெருக்கியடித்து நிற்கிறார்கள். நடுவில் பல்லக்கில் பெய்லி. பக்கத்திலேயே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. மைசூர்க்காரர்களுக்கு மீசையும் தாடியும். வெள்ளையர்களுக்கோ மழமழவென்று ஒரே அச்சில் வார்த்த முகம். அத்தனை பேரில் ஒருவனைக்கூடத் தனியாக அடையாளம் சொல்ல முடியாது.

1799-இல் ஆங்கிலேயரிடம் கோட்டை விழுந்த பிறகு இந்த மாளிகையில் தங்கிய ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, தன் தரப்பின் தோல்வியைக் காட்டும் இந்த ஓவியத்தைச் சீர்செய்ய வைத்தார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

அப்புறம் உள்ளே அருங்காட்சியகம். அங்கே ராபர்ட் கெர் போர்ட்டரின் முற்றுகைக் காட்சி. 1799 மே 4 மதியம், ஆங்கிலப் படை காவிரியைக் கால்நடையாகக் கடந்து கோட்டைச் சுவரின் உடைப்பில் ஏறியது. மழைக்காலம் வந்து ஆறு பெருகினால் கடக்க முடியாது என்பதால்தான் அந்த அவசரம். தாக்குதலை நடத்தியவர் டேவிட் பெயர்ட். புள்ளலூரில் பிடிபட்டு, இதே ஊர்ச் சிறையில் மூன்றரை வருடத்துக்கு மேல் கிடந்தவர். படத்தில் வாளோடு நிமிர்ந்து நிற்கிறார். அவரைச் சுற்றியுள்ள சிப்பாய்களுக்கும் முகம் உண்டு, கோபம் உண்டு, காயம் உண்டு.

போர்ட்டர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த லண்டன் ஓவியர். போர்க்களத்தைப் பார்த்தவரே அல்ல. 1800-இல் 120 அடி நீளத்துக்குத் திரையில் வரைந்து காட்சிக்கு வைத்தார், கூட்டம் அலைமோதியது. அந்தப் பெரிய மூலத்திரை தீயில் அழிந்துபோனாலும், வெந்த்ராமினி செதுக்கிய அச்சுப்படங்கள் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. ஸ்ரீரங்கப்பட்டணம் என்றதும் ஆங்கிலேயர் மனதில் எழுந்தது அந்தக் காட்சிதான்.

எனக்கு உறுத்தியது ஒன்று. பெய்லியோடு இருந்த சுமார் 3,800 பேரில் பெரும்பாலோர் நம் பக்கத்துச் சிப்பாய்கள். 1799-இல் வந்த படையிலும் அவர்களே அதிகம். ஆனால் போர்ட்டரின் படத்தில் கண்ணை இழுப்பவர்கள் வெள்ளைக்காரக் காலாட்படையினரே. வேலூரிலும் திருச்சியிலும் இருந்து போய்ச் செத்தவனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

உடைப்பு விழுந்த இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. அதில் இருப்பவை இறந்த ஆங்கில அதிகாரிகளின் பெயர்கள். சிறையிலேயே 1782-இல் இறந்த பெய்லிக்கும் ஊரில் நினைவு மண்டபம் உண்டு. அடுத்து நான் போக நினைப்பது புள்ளலூர். போனவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.