பேரன் சேர்ந்த பட்டாளம்

“ஏம்மா, ரஷ்யாவுக்கு ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்களே, அந்த மாதிரிதான் நம்ம புள்ளையையும் பிடிச்சுட்டாங்களா?”

வேலூரிலிருந்து பெரியம்மா போனில் கேட்டார். வேலை வாங்கித் தருவதாக ஏஜெண்டுகள் சொன்னதை நம்பிப் போன இந்திய இளைஞர்கள் ரஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்ட செய்தி 2024இல் பேப்பரிலும் டிவியிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் சிங்கப்பூரில் என் மகன் ராணுவப் பயிற்சிக்குப் போகப்போவதையும் பெரியம்மா சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, “அதெல்லாம் சரி, நம்ம நாட்டுப் பட்டாளம் இருக்கும்போது அடுத்த நாட்டுக்கு எதுக்கு இவன் துப்பாக்கி தூக்கணும்?” என்ற இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார். கூலிக்குச் சண்டை போடப் போகிறான் என்றுதான் அவர் மனதில் பதிந்திருக்கிறது. சுருக்கென்று இருந்தது.

அதே வாரம் அலுவலகத்தில், பல வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். “உங்கள் பையன் சேவை செய்வானா, இல்லை படிப்பைச் சொல்லி இந்தியாவுக்குப் போய்விடுவானா?” கேட்ட தொனியில் பகை எதுவும் இல்லை. ஆனால் பதிலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்போலக் கேட்டார். பள்ளிப் படிப்பு இங்கே, மருத்துவம் இங்கே, பதினெட்டு வயது வந்ததும் நிரந்தரவாசத்தை, அதாவது குடியுரிமை வாங்காமலே இங்கே தங்கி வாழும் அனுமதியை, திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறும் பையன்கள் உண்டுதான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதை ஏன் என் பிள்ளை மேல் இறக்க வேண்டும்?

வெளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1965இல் தனி நாடானபோது சிங்கப்பூரின் கையில் இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாலியன்கள். 1967இல் கட்டாயத் தேசிய சேவைக்குச் சட்டம் போட்டார்கள். குடிமக்களான ஆண்கள் அனைவருக்கும் அது உண்டு. வேலைக்கு வந்து நிரந்தரவாசம் வாங்கிய என் கணவர்போன்ற முதல் தலைமுறைக்கு இல்லை. அவரோடு சேர்ந்து நிரந்தரவாசியான மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டுக்கு மேல் முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள், அதற்கப்புறமும் நாற்பது வயதுவரை ஆண்டுதோறும் கூப்பிட்டால் போக வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால், பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது அவன் முன்னால் வந்து நிற்கும். பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்பதால் சலுகை கிடையாது.

இதெல்லாம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம். அப்போது அவன் பாலர் பள்ளியில் இருந்தான். பதினெட்டு வயது என்பது எங்கோ தொலைவில் இருந்தது, அவ்வளவுதான்.

சேரும் நாளன்று பெற்றோரையும் கூட அழைத்துப் போகிறார்கள். சாங்கியிலிருந்து படகு ஏறி, அடிப்படைப் பயிற்சி நடக்கும் புலாவ் தெக்கோங் தீவுக்குப் போனோம். படுக்கை, அலமாரி எல்லாம் சுற்றிக் காட்டினார்கள். பிள்ளையோடு உட்கார்ந்து அங்கேயே சாப்பிட்டோம். சைவம் தனியாக இருந்தது. எங்கள் மேசையில் ஒரு சீன அம்மா மகனுக்குக் கோழித் துண்டை எடுத்து எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். மலாய்க் குடும்பம் ஒன்று பாட்டி முதல் கைக்குழந்தை வரை மொத்தமாக வந்திருந்தது. நம் ஊர் ரயில் நிலையத்தில் வழியனுப்ப வருகிற கூட்டம் அப்படியே இங்கே இருந்தது.

அப்புறம் பையன்களை வரிசையாக நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். குடியரசுக்கும் அதிபருக்கும் விசுவாசமாக இருப்போம், நாட்டின் கௌரவத்தையும் சுதந்திரத்தையும் உயிரைக் கொடுத்தேனும் காப்போம் என்று அத்தனை குரலும் சேர்ந்து சொல்லின. என் மகன் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவனுடைய இந்தியப் பாஸ்போர்ட் எங்கள் வீட்டு அலமாரியில், பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே இருக்கிறது. உயிரைக் கொடுத்தேனும் என்று அவன் சொன்னது அந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கும் நாட்டுக்கு அல்ல. படகில் திரும்பும்போது கணவரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் வீடு பட்டாளத்து வீடு. வேலூர்ப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பட்டாளத்தார் இருப்பது சாதாரணம். அப்பா பெங்களூர் அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1971 போரைப் பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் வருடத்துக்கு இரண்டு மாத லீவில் வருவார். காட்பாடியில் வண்டி நின்றதும் முதலில் கறுப்பு ட்ரங்குப் பெட்டி இறங்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் நம்பரும் பெயரும் எழுதியிருக்கும். அதற்குப் பின்னால்தான் அப்பா. அம்மா கடிதம் எழுதினால் ஊர்ப் பெயர் எழுத மாட்டார். பெயர், நம்பர், யூனிட், கடைசியில் ‘56 ஏபிஓ’ என்ற ராணுவத் தபால் நிலைய எண். அவர் காஷ்மீரில் இருக்கிறாரா அஸ்ஸாமில் இருக்கிறாரா என்பது அந்த முகவரியில் இருக்காது. தபால்காரர் வாசலில் நின்று கூப்பிடும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது.

மகன் தெக்கோங்கில் இருந்த நாட்களில் இந்த நினைப்புதான். முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விட மாட்டார்கள். பேருந்தில் போனால் அரைமணி நேரத்தில் அந்தத் தீவைப் பார்க்கக்கூடிய கரைக்கு வந்துவிடலாம் என்பது ஆறுதலாகவே இல்லை.

வார இறுதிகளில் வீட்டுக்கு வரத் தொடங்கிய பிறகு எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிப் போனான். சட்டைக்கையை மடித்து நிறுத்தும் ரப்பர் வளையம், பச்சை நிற டேப், கால் பவுடர், பேட்டரி விளக்கு என்று கடைகள் முழுக்க இதே சாமான்தான். கடைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததுமே, “முதல் பையனா?” என்று கேட்டுவிட்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் எந்த அளவு எதற்கு என்று எடுத்துப் போட்டார். முகாமில் மழை பெய்தால் பொதிப் பையில் ஒன்றும் நனையக் கூடாது. அதனால் ஒரு செட் உடையை ஒரு பையில் வைத்து, மேலே உட்கார்ந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். காலுறை தனிப் பை, உள்ளாடை தனிப் பை. ஹாலில் அவன் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து காற்றை அழுத்தினான். நான் ஜிப் போட்டேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. ஞாயிறு மாலை அவன் கிளம்பும்போது வாஷிங் மெஷின் ஓய்ந்திருக்கும், நானும் ஓய்ந்திருப்பேன். பழகிவிட்டது என்று தோழிகளிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். காட்டில் குழி தோண்டி, குளிக்க வழியில்லாமல் உடம்பில் பவுடரைக் கொட்டிக்கொண்டு, பொட்டலச் சாப்பாட்டோடு இருக்கும் முகாமின்போது ஒரு நாள் வீட்டுக் கடிதத்தைக் கையில் கொடுப்பார்களாம். வாட்ஸப்பில் ஒற்றை வரி தட்டிப் பழகிய எனக்குக் காகிதத்தில் கை ஓடவில்லை. அவன் பள்ளியில் தமிழ் படித்தவன், தமிழிலேயே எழுதினேன். ‘அன்புள்ள’ என்று தொடங்கியதும் அம்மாவின் இன்லண்ட் லெட்டர்கள் கண்முன் வந்துவிட்டன. மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் இவ்வளவு, சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மா தன் பயத்தை ஒரு வரியில்கூட எழுதியதில்லை. நானும் எழுதவில்லை. மாடிவீட்டுப் பூனை குட்டி போட்டதையும், பால்கனியில் கறிவேப்பிலைச் செடி துளிர்த்ததையும், அவன் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருப்பதையும் எழுதினேன்.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு அப்பாவை வரவழைத்தோம். எழுபத்தைந்தைத் தாண்டியவர். பெரியம்மா அவரையும் குழப்பி அனுப்பியிருப்பார் என்று எனக்கு உள்ளூர உதறல். வந்து இறங்கியவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன ரைபிள் குடுத்திருக்காங்க?” எஸ்.ஏ.ஆர். 21, இங்கேயே தயாரித்தது என்று பேரன் சொன்னதும் எடை, மேகசின், கழற்றி மாட்டும் முறை என்று இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். எங்களை யாரும் சீண்டவில்லை.

அணிவகுப்புக்கு முன்னால் ஒரு நாள் அவரைக் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு அழைத்துப் போனேன். கல்லறை கிடைக்காத 24,000க்கும் அதிகமானவர்களின் பெயர்களைச் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். அதில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பத்தி பத்தியாக வருகின்றன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது பிரிட்டிஷ் கொடிக்காக நின்றவர்கள் அவர்கள். மறு வருடமே இதே ஊர்ப் பாடாங் திடலில் நேதாஜி அழைத்தபோது இந்திய தேசிய ராணுவம் திரண்டது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள், இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள்கூட, அதில் போய்ச் சேர்ந்தார்கள். சென்னையில் படித்து இங்கே மருத்துவராக இருந்த கேப்டன் லட்சுமி பெண்கள் படைக்குத் தலைமை ஏற்றதும் இந்த ஊரில்தான். இரண்டு கொடிகளின் கீழும் நம் ஆட்கள் இருந்தார்கள். அப்பா ஒரு சுவர் முழுக்க விரலால் தடவிக்கொண்டே படித்தார்.

“ரெண்டு பக்கமும் சிப்பாய்தாம்மா,” என்றார் வெளியே வந்ததும். “எந்தக் கொடின்னு பெரியவங்க முடிவு பண்றாங்க. பக்கத்துல நிக்கிறவனை விட்டுட்டு ஓடாம இருக்கானா, அதுதான் சிப்பாய்க்குக் கணக்கு. எங்க படையில கூர்க்காக்கள் இருந்தாங்க. நேபாளத்துக்காரன் இந்தியாவுக்காகச் செத்தான். அவனை யாராவது கூலின்னு சொல்லிப் பாரு, நான் கேக்கிறேன்.”

இந்த ஊரிலும் கூர்க்காக்கள் உண்டு. 1949 முதல் சிங்கப்பூர்க் காவல்துறையில் தனிப் பிரிவாக இருக்கிறார்கள். பணி முடிந்ததும் குடும்பத்தோடு நேபாளம் திரும்பிவிட வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளும்தான். அவர்களுக்கு இல்லாத ஒன்று என் மகனுக்கு இருக்கிறது. சேவை முடித்தபின் விரும்பினால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், இங்கேயே இருக்கலாம். ஆனால் இந்தியாவும் சரி, சிங்கப்பூரும் சரி, இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஒன்றை வாங்கினால் மற்றதை விட வேண்டும். அந்தப் பேச்சு வீட்டில் தொடங்கினால் நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

24 கிலோமீட்டர் நடந்து முடித்து அவர்கள் அணிவகுத்து நின்றார்கள். இங்கே ராணுவக் கட்டளைகள் மலாயில். “செடியா!” என்று, நம் ‘அட்டென்ஷன்’ போல, ஒரு குரல் வெடித்தது. பக்கத்தில் நின்ற அப்பாவின் குதிகால்கள் இரண்டும் டக்கென்று சேர்ந்தன. கைகள் தொடையோடு ஒட்டின, முகவாய் நிமிர்ந்தது. மலாய் ஒரு சொல் அவருக்குத் தெரியாது. அணிவகுப்பு கலைந்து தொப்பிகள் மேலே பறந்தபோதும் அவர் அப்படியே நின்றிருந்தார். பேரன் ஓடி வந்து அவருக்குத்தான் முதலில் சல்யூட் வைத்தான். அப்புறம்தான் எங்களைப் பார்த்தான்.

எனக்கு இன்னும் ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. கூலிப்பட்டாளம் என்கிறது ஊர். ஓடிவிடுவான் என்கிறது இந்த நாட்டில் ஒரு பாதி. நடுவில், அதிகாலையில் எழுந்து முதுகில் பொதியோடு ஓடுகிறவன் ஒரு பத்தொன்பது வயதுப் பையன். பக்கத்துக் கட்டில் சீனப் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் துப்பாக்கியையும் சேர்த்துத் துடைத்து வைத்தவன். அந்தப் பையன் பதிலுக்கு என் வீட்டுக்கு வந்து சாம்பார் சாதத்தை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான். இதில் எங்கே கூலி, எங்கே ஓட்டம்? அலுவலகத்தில் அன்று கேட்டவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் தன் பயிற்சிக் காலப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். ஒல்லியாக, காதுகள் மட்டும் பெரிதாக இருந்தார். அதற்குப் பிறகு மகனை அவர்தான் அடிக்கடி விசாரிக்கிறார். ஊரைத்தான் என்னால் மாற்ற முடியவில்லை. பெரியம்மா இன்னும் கோயிலில் விளக்குப் போட்டு, “அந்த நாட்டுக்காரங்க இவனைச் சீக்கிரம் விட்டுடணும்” என்றுதான் வேண்டிக்கொள்கிறார்.

மகனை இப்போது பொறியாளர் படைப்பிரிவில் போட்டிருக்கிறார்கள். தாத்தா செய்த அதே வேலை, பாலம் போடுவது. சனிக்கிழமை இரவு வேலூரிலிருந்து வீடியோ கால் வந்துவிடும். இரும்புச் சட்டங்களைக் கையால் கோத்துப் போடும் பெய்லி பாலத்தின் ஒரு பேனலை ஆறு பேர் தூக்கும் விதத்தை அப்பா கையசைத்துக் காட்டுவார். “தாத்தா, இங்க எம்3ஜின்னு ஒரு வண்டி. அதுவே ஆத்துல இறங்கி மிதக்கும், நாலைஞ்சு வண்டியைச் சேர்த்தா பாலம்” என்பான் பேரன். “வண்டி ரிப்பேர் ஆனா என்னடா பண்ணுவ? கை ரிப்பேர் ஆகுமா?” என்று அங்கிருந்து குரல் உயரும். பேரன் விட மாட்டான். அவரும் விட மாட்டார். சாப்பாடு ஆறுகிறது என்று நான் நடுவில் கத்தினால் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பதில்லை.