பதக்கத்துக்கு யார் எழுதிக் கொடுப்பது?

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஜீவன் ரக்ஷா பதக்கம் என்று ஒன்று இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. மத்திய அரசு 1961-லேயே தொடங்கியது. தண்ணீர், தீ, மின்சாரம், சுரங்க விபத்து என எதில் சிக்கிய உயிரையும் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் காப்பாற்றியவருக்குத் தருகிறார்கள். நம் மாநில அரசும் குடியரசு தினத்தன்று வீரதீரச் செயலுக்கு அண்ணா பதக்கம் கொடுக்கிறது.

எங்கள் ஆலையில் நெல் அவிக்கும் இடத்தில் ஈரத்தரையில் நின்றிருந்த பையனை மோட்டாரில் கரண்ட் பிடித்துக்கொண்டது. மெயின் சுவிட்ச் அடுத்த கட்டடத்தில். ஆளாளுக்குக் கத்தினோம், ஒருவன் சுவிட்சுக்கு ஓடினான். லோடுமேன் அண்ணாச்சி மட்டும் காய்ந்த சாக்கு இரண்டை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, களத்தில் நெல் தள்ளுகிற மரப்பலகையைக் கையில் எடுத்தார். எடுத்ததும் ஈரமா என்று உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்த்தார், அப்புறம்தான் பையன் கையை மோட்டாரிலிருந்து தட்டிவிட்டார். அந்த ஒரு தடவலை என்னால் மறக்க முடியவில்லை. பயமில்லாதவன் செய்கிற காரியமில்லை அது.

பையன் பிழைத்துவிட்டான். ஆனால் ஆலையில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார்கள் ஆலைக்காரர்கள். கோபம் வருவது இங்கேதான். ஒருவர் காப்பாற்றினார் என்று எழுதினால் விபத்து நடந்தது என்றும் எழுத வேண்டும், அப்படி எழுதினால் அந்த மோட்டாருக்கு எர்த் ஒழுங்காக இருந்ததா என்ற கேள்வி வரும். அதனால் முதலாளிகள் எழுதுவதில்லை, தொழிலாளிக்கு எழுத வழி தெரிவதில்லை, இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டால் ஜீவன் ரக்ஷாவுக்குக் கணக்கிலேயே வராது.

பதக்கத்துக்கு எழுதலாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "என்னல பேசுத, கண்ணு முன்னால ஒருத்தன் துடிக்கும்போது பாத்துக்கிட்டா நிப்பாவ?" என்றார். சரி, அவர் கேட்க மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும்.

பையனும் அவன் அம்மாவும் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பார்த்தவர்களில் மூன்று பேர் சாட்சி சொல்லத் தயார், நான்காவது ஆள் நான். திங்கள்கிழமை மனுநாளில் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறோம்.