கூடம் கோணலா என்று நான் பார்க்கவில்லை

"பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கங்க, தம்பி." அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான் சொன்னது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, கோபமும் கொள்ளவில்லை. ஆனாலும் எட்டு மாதங்களாக அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டுப் போக மறுக்கிறது.

திரையில் ஓடும் காரை ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் கார்ப் பந்தய சிமுலேட்டர் மையம் எங்களுடையது. காரைக்குடியில் அங்கு வருகிறவர்களுக்கு ஞாயிறு லீக் பந்தயங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று திரையில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளம். மூன்றாம் எண் இருக்கையில் அமர்ந்தவர் தேவகோட்டைப் பக்கத்து இளைஞர். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் இரண்டு முறை உண்மையான காரை ஓட்டியவர். பூஓன் எனப்படும் அந்த நீண்ட இடது வளைவில் மூன்றாவது முறையாகச் சுழன்று நின்றதும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, பின் டயர் ஒரு தடவை வழுக்குனா அதோட முடிஞ்சுது. நெசக் கார் இப்படித் திடீர்னு கைவிடாது, பிடி கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறையும். இதுல டயர் கணக்கே தப்பா இருக்கு."

பின்னால் நின்ற லீக் பையன்களில் ஒருவன், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் அதே குறையை இன்னும் அழுத்தமாகச் சொன்னார். "இதைப் போய் சிமுலேட்டர்னு கொண்டாடுறீங்களே" என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

பையன்களின் பற்றை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கல்லூரிச் செலவுக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்து, ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு நொடியைக் குறைப்பதற்காக மாதக்கணக்கில் ஒரே வளைவைப் பழகியவர்கள் அவர்கள். காரின் பக்கவாட்டில் தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்களே வரைந்து ஒட்டியவர்கள். இணையத்தில் சேர்ந்து ஓட்டும் பந்தயத்துக்கு ஆட்கள் வேண்டும். பதினான்கு பேர் நான்கு பேராகக் குறைந்துவிட்டால் சிமுலேட்டர் எத்தனை துல்லியமாக இருந்தும் பந்தயம் இல்லை. ஆகவே ஒருவர் குறை சொல்லும்போது, அடுத்த வாரம் களத்தில் எத்தனை கார்கள் நிற்கும் என்ற அச்சம் அவர்களுக்கு உள்ளூர எழுகிறது. 1998இல் வெளிவந்த 'கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ்' என்ற சிமுலேட்டர் பல ஆண்டுகள் வாழ்ந்ததற்கு, அதற்காக ஓடுதளங்களைத் தாங்களாகவே உருவாக்கித் தந்த ரசிகர்கள் முக்கியக் காரணம். 2014இல் வந்த 'அசெட்டோ கோர்சா'வின் கதையும் ஏறக்குறைய அதுதான். பற்று இல்லாமல் இந்தத் துறையே நிலைத்திருக்காது.

ஆனால் இதே பையன்கள் 2023 ஜனவரியில் எப்படிப் பேசினார்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. மெய்நிகர் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முன்னிலையில் இருந்தபோது இணைப்பு அறுந்து வாய்ப்பை இழந்த ஃபார்முலா 1 ஓட்டுநர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், அந்தப் பந்தயத்தையும் அது நடந்த சிமுலேட்டரையும் வெளிப்படையாகவே சாடினார். எங்கள் கூடத்தில் எல்லோரும் அவர் பக்கம். "உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார்கள். அது வேறொரு சிமுலேட்டர், சொன்னவர் உலக சாம்பியன். நாங்கள் ஓட்டும் சிமுலேட்டரைப் பற்றி, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொன்னபோது அது ஓட்டத் தெரியாதவரின் சாக்காகிவிட்டது.

எங்கள் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயங்களில், மாட்டின் நடையில் சிறு நொண்டல் தெரிந்தாலும் முதலில் கண்டுபிடிப்பவர் அந்த மாட்டுக்காரரின் சொந்த ஆளாகத்தான் இருப்பார். அவர் அதைத் தொழுவத்தில் சொல்வார், சாலையில் கூட்டத்தின் நடுவே சொல்லமாட்டார். தேவகோட்டைக்காரர் கூட்டத்தின் நடுவே சொன்னார் என்பதே என் தரப்பு நியாயமாக இருந்தது. ஆனால் முதன்முறையாக வந்தவருக்கு எங்கள் தொழுவத்தின் வாசல் எங்கே திறந்திருந்தது?

என்னை உறுத்துவது வேறு. பழமொழி சொன்ன பையனுக்குச் சிரிப்பது உரிமை. கூடம் கோணலா என்று நூல் பிடித்துப் பார்ப்பது என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றிரவு எல்லோரும் போன பிறகு மூன்றாம் எண் இருக்கையில் நானே அமர்ந்தேன். காரின் இழுவையைக் கைக்கு உணர்த்தும் அந்த ஸ்டீயரிங் மோட்டாரின் உச்ச முறுக்கு விசை 8 நியூட்டன் மீட்டர். சிமுலேட்டர் அதற்கு மேல் கேட்டால் மோட்டார் உச்சத்திலேயே நின்றுவிடும். அதை நாங்கள் கிளிப்பிங் என்போம். சக்கரம் நழுவத் தொடங்கும்போது ஸ்டீயரிங்கின் இழுவையில் ஏற்படும் சிறு மாற்றமே ஓட்டுபவருக்கு முதல் எச்சரிக்கை. அது வெட்டுப்பட்டுப் போனால், வழுக்கல் திடீரென்று வந்ததாகத்தான் கைக்குத் தோன்றும். அந்த விசையைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பான கெயின் 100இல் இருந்தது. பூஓன் வளைவு முழுவதும் திரையில் கிளிப்பிங் பட்டை சிவப்பாகவே நின்றது.

கெயினை 70க்குக் குறைத்தேன். வழுக்கப் போவது முன்கூட்டியே கைக்குத் தெரிந்தது. அப்படியென்றால் தவறு டயர் கணக்கில் இல்லை, என் அமைப்பில் என்று நிம்மதி கொள்ளலாமா என்றால், அதுவும் முடியவில்லை. வழுக்கத் தொடங்கிய காரை மீட்க முயன்றால், அவர் சொன்னபடியே அது திரும்பி வரவில்லை. அவருடைய குறையில் பாதி என்னுடையது, பாதி அவர் கண்டது. வெகு நாட்களாக எனக்கும் அந்த இரண்டாவது பாதியில் ஐயம் இருந்தது. லீக்கின் வருமானத்தை நினைத்து நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து சிமுலேட்டருக்கு வந்த புதுப்பிப்பில், வழுக்கிய பிறகு டயரின் பிடி நடந்துகொள்ளும் விதத்தைத் திருத்தியிருப்பதாக அதை உருவாக்கியவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். பழமொழி சொன்ன அதே பையன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான்ணே நெசக் கார் மாதிரி இருக்கு" என்று முகம் மலர்ந்தான். அன்றைய பேச்சை நான் அவனுக்கு நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருக்க வேண்டும் என்று சில நாட்களும், என் தவறை ஒரு பையன் தலையில் இறக்குவது முறையல்ல என்று சில நாட்களும் தோன்றுகிறது.

தேவகோட்டைக்காரரின் எண் மையத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அழைத்து, கெயினைப் பற்றி மட்டும் சொல்லலாமா, புதுப்பிப்பைப் பற்றியும் சொல்லலாமா என்று யோசித்தபடியே நாட்கள் போகின்றன. மூன்றாம் எண் இருக்கையில் கெயின் இன்னும் 70இல்தான் நிற்கிறது. ஸ்டீயரிங் இலேசாக இருக்கிறது, பழையபடி ஏற்றுங்கள் என்று சென்ற ஞாயிறு இருவர் கேட்டார்கள். நான் ஏற்றவில்லை.