நான் பயப்படுகிற நாளில்: மெட்ரிக் தேர்வை இரண்டு முறை எழுதிய அனுபவம்

2012 மார்ச் மாதம். யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியுமாகத் தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தேன். வேதியியல் வினாத்தாளின் முதல் கேள்வி எனக்குத் தெரிந்ததுதான். முந்தின இரவுகூட எழுதிப் பார்த்திருந்தேன். ஆனால் விரல்கள் சில்லிட்டுப்போயின, நெஞ்சு படபடவென்று அடித்தது. படித்ததெல்லாம் ஈரத்துணியால் துடைத்த சிலேட்டைப் போல அழிந்துவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். ஜூன் மாதம் சுவரில் ஒட்டிய பட்டியலில் என் எண் இல்லை.

பர்மாவில் படித்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது பத்தாம் வகுப்பு மெட்ரிக்கில் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றிலும் 40 எடுக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு பாடத்தில் தவறினாலும் அடுத்த வருடம் ஆறையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. என் காலத்தில் எழுதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான் தேறுவார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்பதெல்லாம் அந்த மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். அதனால், "இதுக்குப் போய் பயப்படுறியே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயப்படக் காரணம் இருக்கிறது.

முதல் வருடமும் நான் ஜெபிக்காமல் இல்லை. காலையும் மாலையும் முழங்கால் போட்டேன். ஆனால் என் ஜெபம் எல்லாம் பேரம். "ஆண்டவரே, பாஸ் பண்ண வையும், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன், உபவாசம் இருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் 'பாஸ் ஆகாவிட்டால்?' என்ற எண்ணமும் கூடவே வரும். ஜெபித்து எழுந்தால் உட்காரும்போது இருந்ததைவிடப் படபடப்பு அதிகமாக இருக்கும். அப்புறம், நம்பிக்கை இல்லாமல் ஜெபித்தோமோ என்று அதற்கும் ஒரு பயம்.

இரண்டாவது வருடம் படிக்க உட்கார்ந்தபோது புத்தகத்தைத் திறந்தாலே வயிறு கலங்கும். எங்கள் தமிழ்ச் சபையின் போதகரம்மா ஒருநாள் ஆராதனை முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா, எதுக்குப் பயப்படுற?"

"பரீட்சைக்குத்தான் அம்மா."

"பரீட்சையில எதுக்கு? ஒண்ணொண்ணா சொல்லு."

யோசித்துப் பார்த்தால் நான்கு பயங்கள் இருந்தன. டியூஷனுக்கு அப்பா கட்டிய பணம் வீணாகிவிடுமோ. என்னோடு படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் இன்னும் பச்சை லுங்கியிலேயே இருந்துவிடுவேனோ. வேதியியல் அறையில் வந்த அந்த வெறுமை மறுபடி வருமோ. கடைசியாக, இதற்கு மேல் ஜெபித்தும் கேட்கப்படாவிட்டால் ஆண்டவர் மேலேயே என் நம்பிக்கை போய்விடுமோ. நாலாவதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். "இதை அவர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார். சொல்லியிருக்கவில்லை. மதிப்பெண்ணைத்தான் கேட்டேனே தவிர, பயத்தைச் சொன்னதே இல்லை.

அன்று அவர் கொடுத்த வசனம் சங்கீதம் 56:3. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வரியில் இருக்கின்றன. பயப்பட்டால் விசுவாசம் இல்லை என்று நானே என்னைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். அந்த ஒரு வரியில் அது விழுந்தது.

அன்றிலிருந்து என் ஜெபத்தின் வரிசை மாறியது. முதலில் அன்றைக்கு நடந்த இரண்டு மூன்று நல்ல காரியங்களுக்கு ஸ்தோத்திரம். சின்னதுதான்: கரண்ட் போகாமல் இருந்தது, ஒரு கணக்கு சரியாக வந்தது. அடுத்து பயத்தைப் பெயர் சொல்லிச் சொல்வது. 'எல்லாம் பயமாக இருக்கிறது' என்று மொத்தமாக இல்லை. 'நாளைக்கு டியூஷனில் சயாமா (ஆசிரியை) சோதனை வைக்கிறார், அதில் குறைந்தால் அம்மா ஒன்றும் பேசாமல் இருப்பார், அந்த மௌனத்துக்குப் பயப்படுகிறேன்' என்று அவ்வளவு குறிப்பாக. பிறகு ஒரு வசனம். மூன்று பத்து என்று வேண்டாம், ஒன்று போதும்.

இந்த வரிசை என் கண்டுபிடிப்பு இல்லை. பிலிப்பியர் 4:6-ல் இருக்கிறது: "நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." அடுத்த வசனத்தில் வாக்களிக்கப்படுவது தேவசமாதானம். கேட்டது கிடைக்கும் என்று அங்கே எழுதவில்லை. அந்தச் சமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் 'காத்துக்கொள்ளும்' என்கிறார் பவுல். மூலமொழியான கிரேக்கத்தில் அது ஊரைக் காவல் காக்கும் போர்வீரர்களுக்குரிய சொல் என்று போதகர் ஐயா விளக்கினார். வாசலில் காவல் நின்றால் எதிரி வரவே மாட்டான் என்று அர்த்தமில்லை. வந்தாலும் உள்ளே நுழைய முடியாது.

பவுல் இதைக் கட்டுகளில், அதாவது சிறையில், இருந்தபோது எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வரும். 1813-ல் ரங்கூனுக்கு வந்த மிஷனரி அதோனிராம் ஜட்சனை, ஆங்கிலேயரோடு போர் மூண்ட 1824-ல் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையில் போட்டார்கள். காலில் விலங்கு. அவர் பர்மிய மொழியில் பெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்தத் தலையணையும் ஒரு கட்டத்தில் கைவிட்டுப் போய், அவர்களோடு இருந்த விசுவாசி ஒருவர் அதை எடுத்து வைத்திருந்ததால் பிரதி பிழைத்தது. முழு வேதாகமத்தையும் ஜட்சன் 1834-ல் மொழிபெயர்த்து முடித்தார். எங்கள் வீட்டிலும் அந்தப் பர்மிய வேதாகமம் இருந்தது. அடுத்த நாள் என்ன ஆகும் என்று தெரியாத ஒருவர் தலைவைத்துப் படுத்தது அந்த வசனங்களின் மேல்தான். தேர்வுக்கு முந்தின இரவுகளில் இதை நிறைய நினைத்திருக்கிறேன்.

வசனத்தை எந்த மொழியில் சொல்வது என்பதும் முக்கியம். வெளியே பேசுவது பர்மிய மொழி, அறிவியலும் கணக்கும் ஆங்கிலத்தில். ஆனால் என் பயம் தமிழில்தான் பேசியது. 'நீ தேறமாட்டே' என்று உள்ளே கேட்ட குரல் தமிழ்க் குரல். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த வசனங்கள் அதன் பக்கத்தில் போய் நிற்கவே இல்லை. பாட்டி சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த தமிழ் 23-ஆம் சங்கீதம் நின்றது. உங்களுக்கு எந்த மொழியில் அழுகை வருகிறதோ அந்த மொழியில் வசனத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சங்கீதத்தில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது ஆண்டவரை 'அவர்' என்கிறார். அவர் என்னை மேய்க்கிறார், அவர் என்னை நடத்துகிறார். நாலாவது வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று பேச்சு மாறிவிடுகிறது. பள்ளத்தாக்கில்தான் அவரைப் பற்றிப் பேசுவது போய் அவரோடு பேசுவது ஆரம்பிக்கிறது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை ஆவிக்குரிய விஷயம் இல்லை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. 1 இராஜாக்கள் 19-ல் எலியா பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தின்றுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறார், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும். முதல் வருடம் நான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து, காலையில் ஒரு வாய் மொஹிங்காகூட (மீன் குழம்பு நூடுல்ஸ்) இறங்காமல் போனேன். இரண்டாம் வருடம் பத்தரைக்குப் புத்தகத்தை மூடிவிடுவேன். தூக்கம் வராவிட்டால் மூச்சை இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". சில இரவுகளில் நூறு முறைகூட ஆகும். ஒரே வார்த்தையைச் சொல்வது வீண் என்று நினைக்க வேண்டாம். கெத்செமனேயில் இயேசுவும் மூன்றாம் முறை அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, மூச்சு அடைக்கிறது, சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் தயவுசெய்து வீட்டில் சொல்லி மருத்துவரிடமும் போங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான்.

2013 மார்ச், மறுபடி வேதியியல். வினாத்தாள் கைக்கு வந்ததும் விரல்கள் மறுபடி சில்லிட்டன. இதை மறைக்க மாட்டேன், பயம் வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். 'ஆண்டவரே, அந்த வெறுமைக்குப் பயப்படுகிறேன், நாலாவது பயமும் இருக்கிறது' என்று உள்ளே சொன்னேன். வசனத்தோடு பத்து மூச்சு. கண்ணைத் திறந்து, முதல் கேள்வியை விட்டுவிட்டு எனக்கு நன்றாகத் தெரிந்த மூன்றாவது கேள்வியில் ஆரம்பித்தேன். கை நடுங்கிக்கொண்டேதான் எழுதியது. அரை மணி நேரத்தில் நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

வெளியே மாணவர்கள் கூட்டம் கூட்டமாக விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நிற்கவில்லை. வீட்டில் அம்மா கதவைத் திறந்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

"எழுதியிருக்கேன்மா. அடுத்தது இயற்பியல். சோறு போடுங்க, பசிக்குது."