ஏலாக்குறிச்சியில் அம்மா வாசித்தது

அம்மாவின் நேர்ச்சையை நிறைவேற்ற ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்குப் போய்வந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. மெழுகுதிரியோ முடி காணிக்கையோ அவர்கள் நேர்ந்துகொள்ளவில்லை. நான்கு நற்செய்திகளையும் தம் கண்ணாலேயே எழுத்துக்கூட்டி வாசித்து முடித்துவிட்டால், மாதாவின் முன்னால் நின்று ஒரு பகுதியை வாய்விட்டு வாசிப்பதாக மூன்று ஆண்டுகளுக்கு முன் வேண்டிக்கொண்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 66. ஓர் எழுத்தும் தெரியாது.

செபமாலையும் மன்றாட்டு மாலைகளும் அம்மாவுக்கு மனப்பாடம். வேதாகமத்தை மட்டும் அப்பாதான் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வாசித்துக் காட்டுவார். அப்பா இறந்த பிறகு அந்தப் புத்தகம் சுரூபத்துக்குப் பக்கத்தில் துணி போர்த்தியபடியே கிடந்தது. ஞாயிறு பூசைக்குப் போவதோடு என் கடமை முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

எங்கள் பங்குக் கோயிலில் உபதேசியாராக, அதாவது மறைக்கல்வி கற்றுத்தரும் வேதியராக, இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்தான் அம்மாவுக்கு எழுத்தறிவித்தவர். அக்டோபர் மாதச் செபமாலைக்காக அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவில், கூடியிருந்தபோது, "எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால் நன்றாயிருக்குமே" என்று அம்மா யாரிடமோ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் மாலையே சிலேட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எல்லோரும் அகரத்தில் தொடங்குவார்கள், அவர் ஏகாரத்தை எழுதிக் காட்டி, "இது ஏலாக்குறிச்சி ஏ, தங்கச்சி. இந்தக் கால் வீரமாமுனிவர் போட்ட கால்" என்றார்.

அந்த ஒரு எழுத்தை வைத்தே அவர் எங்களுக்கு எவ்வளவோ சொல்லிக்கொடுத்தார். முற்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைப்பது வழக்கமென்றும், ஓலையில் எழுதும்போது அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப் போனதால் குறிலா நெடிலா என்று வாசிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்ததென்றும், நெடிலுக்கு ஏகாரத்தின் இழுப்பையும் ஓகாரத்தின் சுழியையும் இரட்டைச் சுழிக் கொம்பையும் கொடுத்து அந்தத் தடுமாற்றத்தை நீக்கியவர் வீரமாமுனிவரே என்றும் விளக்கினார். இத்தாலியில் 1680 இல் பிறந்து, 1710 இல் இந்தியா வந்து, முப்பது வயதுக்குப் பிறகு தமிழாசிரியர்களிடம் மாணவராய்ப் படித்தவர் அவர். 1726 இல், 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியைப் புனித சூசையப்பருக்குக் காணிக்கையாக்கியவர். "அவர் முப்பதில் படித்தார், நீ அறுபத்தாறில் படி. ஆண்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்" என்று உபதேசியார் சொன்ன அன்று இரவு அம்மா தூங்கவே இல்லை.

எழுத்துகள் பிடிபட்டதும் மாற்கு நற்செய்தியை எடுத்துக் கொடுத்தார். 16 அதிகாரம்தான், சீக்கிரம் முடிந்தால் தைரியம் வரும் என்பது அவர் கணக்கு. எத்தனை வரி வாசித்தார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "இன்று ஆண்டவர் உன்னிடம் என்ன சொன்னார்?" என்று மட்டும் கேட்பார். பதில் வராவிட்டால் விட்டுவிடுவார். மறுநாள் அதே வரியிலிருந்து தொடங்கச் சொல்வார். பக்கவாதக்காரரைக் கூரையைப் பிரித்து இறக்கிய பகுதியில் மட்டும் அம்மா நான்கு நாள் நின்றார்கள். நான்காம் நாள், "அவனைத் தூக்கி வந்த நாலு பேர் பெயரும் இதில் இல்லையே" என்று கண் கலங்கினார்கள். வேலை முடிந்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கும் அன்றுதான் அந்த நாலு பேர் கண்ணில் பட்டார்கள். அதற்குப் பின் நானும் ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கினேன். எழுபதைத் தாண்டிய உபதேசியாரோ விவிலிய வகுப்பு எங்கே நடந்தாலும் பேருந்து ஏறிப் போய்க் குறிப்பெடுத்து வந்து, அன்று தமக்குப் புதிதாகப் புரிந்ததை எங்களிடம் ஒரு குழந்தையின் மகிழ்ச்சியோடு சொல்வார். வேதியர்களுக்கென்றே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார் அல்லவா, அந்த வரிசையில் வந்தவர் அவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா யோவான் நற்செய்தியில் இருந்தபோது, கடந்த தை மாதத்தில், உபதேசியார் ஆண்டவரில் இளைப்பாறினார். ஏலாக்குறிச்சிக்கு மூவருமாகப் போவதென்று பேசி வைத்திருந்தோம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றில் காவிரியையும் பிறகு கொள்ளிடத்தையும் கடந்து திருமானூர் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பேருந்திலிருந்து இறங்கியதுமே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர், இப்போதே கிளம்பாவிட்டால் பூசை கிடைக்காது என்று அவசரப்படுத்தி இரட்டிப்பு வாடகைக்கு ஏற்றிக்கொண்டு, கூட்டத்தைக் காரணம் காட்டிக் கோயிலுக்கு வெகு தூரத்திலேயே இறக்கிவிட்டார். மூட்டு வலியுள்ள அம்மா அந்த வெயிலில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். வழி நெடுக மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. மாதாவின் வாசலுக்கு வருகிறவர்களிடம் இப்படி நடந்துகொள்வது மனதுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ப் பெயர் எழுதிய பலகை ஒன்றின் அருகே வந்ததும் நின்று, முதல் எழுத்தின் கீழிழுப்பைச் சுட்டுவிரலால் மேலிருந்து கீழாகத் தடவி, விரலை உதட்டில் வைத்து முத்தமிட்டார்கள். உபதேசியாரை நினைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடிய மண் இது. அரியலூர்க் குறுநில மன்னர் மழவராயரின் பிளவை (சீழ்க்கட்டி) நோய் தீர்ந்ததும், அவர் கோயிலுக்கு நிலம் எழுதிக் கொடுத்ததும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுபவை. எனக்கோ அன்று அங்கே வேறொரு நோய் தீர வேண்டியிருந்தது. பூசைக்கு முன் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எத்தனை வருடங்களுக்குப் பிறகு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வழிகாட்டியாக இருந்தவர் போய்விட்டார், இனி இந்த வாசிப்பு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றேன். அந்தச் சாமியார், "அவர் உங்களிடம் கேட்ட கேள்வியை இனி நீங்கள் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அம்மா உங்களிடம் கேட்கட்டும்" என்றார். எழுந்து வெளியே வந்தபோது கால்கள் லேசாகிவிட்டிருந்தன.

பூசை முடிந்து மாதாவின் முன்னால் வரிசை நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தது. எங்கள் முறை வந்ததும் அம்மா பையிலிருந்து வேதாகமத்தை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாவின் பாடலைத் தொடங்கினார்கள். "நகருங்கம்மா, நகருங்க" என்று தொண்டர் ஒருவர் குரல் கொடுத்தார். அம்மாவுக்கு அது கேட்கவே இல்லை. விரல் வரியின் கீழே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. 'தாழ்நிலையை' என்ற சொல்லில் நின்றுவிட்டார்கள். தாழ்... தாழ்... என்று இரண்டு முறை முயன்றும் மேலே போக முடியவில்லை. சொல்லிக்கொடுக்க நினைத்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போது பின்னால் தாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை எட்டிப் பார்த்து, "தாழ்நிலையை, பாட்டி" என்றாள். அம்மா திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்து, "தாழ்நிலையை" என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தார்கள். அந்தத் தொண்டர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். கடைசி வரி முடியும்வரை அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முயன்ற போதெல்லாம் கண்ணீர் மறைத்தது. தாயே, அடைக்கலமே, அன்று எங்களுக்கு நீ காட்டிய இரக்கத்துக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

சிலேட்டிலிருந்து நோட்டுக்கு மாறிய நாட்களில் அம்மா எழுதிப் பழகிய நாற்பது பக்க நோட்டை, உபதேசியாரின் சிவப்பு மைத் திருத்தங்களோடு, காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தோம். செபமாலைக் குளத்தின் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அந்தக் குழந்தைக்குக் கொடுக்கலாமென்று அம்மா மிட்டாய் வாங்கித் தேடினார்கள். கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. நான்கு நற்செய்திகளும் முடிந்துவிட்டனவே, அம்மா களைத்துத் தூங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். கொள்ளிடப் பாலத்தில் ஏறும்போது பார்த்தால் திருத்தூதர் பணிகளின் முதல் பக்கத்தை விரித்து மடியில் வைத்திருந்தார்கள். முதல் வரியில் வரும் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, லூக்கா தன் நற்செய்தியைத் தொடங்கும்போதும் இவருக்குத்தானே எழுதுகிறார்?" என்று கேட்டார்கள். எனக்கு நினைவில்லை. அவர்கள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பின்னால் புரட்டினேன்.