நடுவர் சொன்ன வரி

ஒரு கட்டுரைப் போட்டி நடுவரிடம் “பெயர் போடவில்லையே ஐயா” என்று நான் சொன்னது இன்றைக்கும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அதற்கு அவர் சொன்ன பதிலும் நியாயமாகத்தான் படுகிறது. ஏதாவது ஒன்று தவறாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் இதை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் எழுதுகிறவர்களின் மாநாடு அது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லப் போவதில்லை. அவருடைய மொழியையும் சொல்லப் போவதில்லை. அமர்வுகளில் குறிப்பெடுக்கச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. சுற்றிலும் இருந்தவர்கள் பல ஆண்டுகளாக ஊதியம் இல்லாமல் எழுதுகிறவர்கள். அவர்களுக்கு நடுவில் கூலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்தேன்.

அலுவலகக் கூட்டத்தில் குறிப்பெடுத்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை முதலில் கலக்கமாக இருக்கும். அங்கே நாம் எழுதியதை மேலதிகாரி பார்ப்பார், இரண்டு வரியை அடிப்பார், ஒரு வரியை மழுப்புவார், பிறகுதான் சுற்றுக்கு விடுவார். இங்கே ஈதர்பேட் என்ற பொதுக் குறிப்பேடு. முகவரி தெரிந்த யாரும் திறக்கலாம், யாரும் எழுதலாம். ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு வண்ணத்தில் தெரியும். நான் அவசரத்தில் விட்ட எழுத்துப்பிழையை மூன்றாம் வரிசையில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் திருத்திக்கொண்டிருப்பார். அழித்தால் போய்விடும் என்றும் இல்லை. காலக்கோட்டைப் பின்னுக்கு இழுத்தால் எந்த எழுத்து எப்போது வந்தது, எப்போது போனது என்று எல்லாம் மறுபடி ஓடும். அன்று அந்தக் குறிப்பேட்டை மேடைத் திரையிலும் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுரைப் போட்டிகளையும் தரத்தையும் பற்றிய அமர்வு. ஆசியாவைப் பற்றிக் கட்டுரை எழுத 2015-இல் தொடங்கிய விக்கிப்பீடியா ஆசிய மாதம் போன்ற போட்டிகள் எப்படி நடக்கும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். கட்டுரைக்குக் குறைந்தது 300 சொல், ஆதாரம் வேண்டும், இயந்திர மொழிபெயர்ப்பு கூடாது. குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டியவருக்கு வேறொரு நாட்டிலிருந்து அஞ்சலட்டை வந்ததும் உண்டு. ஏற்பதும் தள்ளுவதும் அந்தந்த மொழி நடுவரின் பொறுப்பு. நடுவருக்குச் சம்பளம் கிடையாது. மாதம் முழுவதும் சொட்டுச் சொட்டாக வரும் கட்டுரைகள் கடைசி வாரத்தில் கொட்டித் தீர்க்கும். விடைத்தாள் கட்டோடு தேர்வு முடிவுத் தேதியை எதிர்நோக்கியிருக்கும் ஆசிரியரின் நிலைதான் நடுவருக்கும்.

ஒரு மணி நேரம் திறன் வளர்ப்பு, நிலைத்த வளர்ச்சி, சமூகப் பங்கேற்பு என்று பேசினார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தார். வயதானவர். ஆங்கிலத்தில், தயங்காமல் சொன்னார்: “கடைசி வாரத்தில் வந்தவற்றை நான் படிக்கவில்லை. சொல் எண்ணிக்கையைப் பார்த்தேன். கீழே ஆதாரம் என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஏற்பு கொடுத்துக்கொண்டே போனேன். பக்கத்து மொழிக்காரர்களின் கட்டுரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.”

அறையில் சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பில்லை, தாங்களும் அப்படிச் செய்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. நான் எழுதினேன்: “ஒரு நடுவர்: இறுதி வாரத்தில் வந்த கட்டுரைகளைப் படிக்காமலே ஏற்றேன்.” எழுத எழுத அது திரையில் ஊர்ந்தது. அந்த அமர்வில் நான் எழுதியவற்றில் உருப்படியான வரி அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

தேநீர் இடைவேளையில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எங்கோ தமிழ் கற்றவர். என்னிடம் தமிழில்தான் பேசினார்.

“அம்மா, அந்த வரி வேண்டாமே.”

“பெயர் போடவில்லையே ஐயா.”

“எங்கள் மொழிக்கு நடுவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் மாநாட்டுக்கு வரவே இல்லை.”

“அறை முழுக்க ஆட்கள் கேட்டார்களே?”

“கேட்டவர்களுக்காகத்தான் சொன்னேன். எழுதினால் கேட்காதவர்களும் படிப்பார்கள்.”

அப்புறம் ஒன்றும் வற்புறுத்தவில்லை. கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைக் குடித்துவிட்டு, நூலகத் திட்டம் பற்றி ஏதோ கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். கட்டற்ற அறிவு என்று பேச வந்த இடத்தில், பொது அரங்கில், ஒலிபெருக்கியில் சொன்னதை எழுத வேண்டாம் என்பது என்ன நியாயம்? சமூகம் தன் குறையைப் பதிவு செய்ததால்தான் நல்லது நடந்திருக்கிறது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் சம்பள மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரைகளை ஏற்றியபோது, அவற்றின் தரத்தைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் எடைபோட்டு, 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா என்ற உலக விக்கி மாநாட்டிலேயே எடுத்துவைத்தார்கள். ஊர் பெயர் தெரியாத தலைப்புகள், வாக்கியமே ஆகாத வாக்கியங்கள், சுட்டிக்காட்டினால் திருத்த வராத ஆட்கள் என்று எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. வங்காள விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளே வேண்டாம் என்றார்கள். அன்று யாராவது ‘இதைக் குறிப்பில் சேர்க்காதீர்கள்’ என்று சொல்லியிருந்தால் இன்று நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இப்படி நினைத்துக்கொண்டு வரும்போதே மறுபக்கமும் கூடவே வந்துவிடும். கதான்ஸ்கில் சொன்னது ஒரு பெரிய நிறுவனத்தின் குறை. இவர் சொன்னது தன் குறை. அடுத்தவர் குறையை மேடையேற்றுவதற்கு வேண்டிய துணிச்சலும் இதற்கு வேண்டிய துணிச்சலும் ஒன்றா? 2020-இல், ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்கப் பையன், சிறு வயதிலேயே ஆர்வக்கோளாற்றில் தொடங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிவிட்டிருந்தான். விஷயம் வெளியே வந்ததும் உலகமே எள்ளி நகையாடியது. கட்டுரைகளைத் திருத்த வந்தவர்களைவிட அவனைத் திட்ட வந்தவர்கள் அதிகமோ என்று தோன்றும் அளவுக்கு வசவு விழுந்தது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இவரும் அப்படித்தான். அதோடு, இவர் தானாகவே எழுந்து சொன்னவர்.

பேச்சை வெளியே எடுத்துச் செல்லலாம், பேசியவரைச் சொல்லக்கூடாது என்று லண்டனின் சாத்தம் ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்த விதி ஒன்று உண்டு. கூட்டம் நடத்துகிறவர்கள் பெருமையாக எடுத்துச் சொல்லும் விதி. பெரிய நாட்டு ராஜதந்திரிகளுக்குச் சரி. இரண்டே நடுவர்கள் உள்ள மொழிக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்? பெயரை மறைத்தாலும் ஆள் தெரிகிற சிறு சமூகங்கள் நம்முடையவை. ‘பெயர் போடவில்லையே’ என்று நான் சொன்னபோது இதை யோசித்தேனா என்று கேட்டால், யோசித்துத்தான் சொன்னேன். அப்படிச் சொன்னால் அவர் விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு குறிப்புகளை விக்கிப் பக்கத்துக்கு மாற்றும்போது அந்த வரியை எடுத்துவிட்டு, “போட்டிகளின் இறுதி வாரத்தில் மதிப்பீடு தளர்வதாகச் சிலர் கூறினர்” என்று எழுதினேன். ஈதர்பேடின் காலக்கோட்டில் பழைய வரி இருக்கத்தான் செய்யும். அதை யார் போய்த் தோண்டப் போகிறார்கள் என்று விட்டேன். இதில் யாருக்கும் நட்டமில்லை, விஷயமும் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, ‘சிலர் கூறினர்’ என்ற இடத்தில் யாரோ ‘யார்?’ வார்ப்புருவை இட்டிருந்தார்கள். ஆதாரம் இல்லாமல் சிலர், பலர், அறிஞர்கள் என்று எழுதியிருந்தால் விக்கிப்பீடியர்கள் ஒட்டுகிற அந்தச் சிறு முத்திரைதான். இட்டவர் புகுபதிகை செய்யவில்லை. பக்கத்தின் திருத்த வரலாற்றில் பெயருக்குப் பதில் வெறும் ஐபி எண், அதாவது இணைய இணைப்பின் எண். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கங்களைத் துப்புரவு செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் புண்ணியவான்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவராக இருக்குமோ என்ற எண்ணம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. வரி வேண்டாம் என்று கேட்டவர், அந்த வரிக்குப் பதிலாக ஒரு பொய்ப் பன்மை வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் செய்திருப்பாரோ? அது ஒரு விக்கிப்பீடியருக்கு மிகவும் இயல்பான குணம். தன்னைக் காப்பாற்றுவதற்காகக்கூட ஆதாரமில்லாத வாக்கியத்தை அவர்களால் விட்டுவைக்க முடியாது. அந்த ஐபி எண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒருமுறை பார்க்கப் போனேன். பார்த்து என்ன செய்யப் போகிறோம் என்று மூடிவிட்டேன்.

அதற்குப் பின்பு போகிற மாநாடுகளில் எல்லாம் அமர்வு தொடங்கும் முன்பே எழுந்து, இங்கே பேசுவது பொதுவில் பதிவாகும், வேண்டாம் என்றால் அப்போதே சொல்லுங்கள் என்று அறிவித்துவிடுகிறேன். இதுதான் சரியான முறை. புதிதாக வருகிற குறிப்பெடுப்பவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுக்கிறேன். சரியான முறையைக் கடைப்பிடிக்கத் தொடங்கியதிலிருந்து யாரும் எதையும் நீக்கச் சொல்லவில்லை. நீக்கும்படியாக யாரும் எதுவும் பேசவும் இல்லை. திறன் வளர்ப்பு, நிலைத்த வளர்ச்சி, சமூகப் பங்கேற்பு. குறிப்புகள் சுத்தமாக இருக்கின்றன. ஒரு வருடம் கழித்து அவற்றை எடுத்துப் படித்தால், அந்த அறையில் என்ன நடந்தது என்று எனக்கே தெரிவதில்லை. அறிவிப்பை நிறுத்திவிடலாமா என்று தோன்றும். மறுநாளே அது அயோக்கியத்தனமாகத் தோன்றும்.

இடையில் வேறொரு போட்டியை நடத்தவிருந்தவர்கள் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். மொழிக்கு இரண்டு நடுவர் போதாது, நான்கு பேராவது வேண்டும், கடைசி வாரத்துக் கட்டுரைகளைப் பார்க்கக் கூடுதலாகப் பத்து நாள் கொடுங்கள் என்றேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். மாநாட்டுக் குறிப்புப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். திறந்து பார்த்தவர், “இதில் யார் சொன்னது என்று இல்லையே, ‘யார்?’ என்று வார்ப்புரு வேறு போட்டிருக்கிறதே” என்று பதில் எழுதினார். எனக்குத் தெரியும், சொல்ல முடியாது என்று எழுதினேன். நல்லபடியாகத்தான் மறுமொழி வந்தது: அடுத்த முறை கவனத்தில் கொள்கிறோம். அந்த ஆண்டும் மொழிக்கு இரண்டு நடுவர்களையே போட்டார்கள். அந்த மொழிக்கு மறுபடியும் அவரையே கேட்டிருக்கிறார்கள். அவரும் சரி என்று சொல்லியிருக்கிறார்.