எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புவது?

கொழும்பில் சமூகப்பணி படிக்கிற பிள்ளைகளின் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பலாம் என்ற பேச்சு வந்தாலே "ஐ.எஸ்.எஸ்.என் இருக்கு சேர்" என்பதும் கூடவே வந்துவிடும். அது வெறும் அடையாள இலக்கம், வருடாவருடம் வரும் சங்க மலருக்கும் எடுக்கலாம், உள்ளே என்ன சரக்கு என்று பார்த்து யாரும் அதைக் கொடுப்பதில்லை.

அடுத்தது இம்பெக்ட் பெக்டர், அதாவது ஒரு சஞ்சிகை எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்று சொல்லும் எண். யூஜின் கார்பீல்ட் என்ற அமெரிக்கத் தகவலியலாளர் 1955இல் போட்ட விதை, 1975இலிருந்து ஆண்டறிக்கையாக வருகிறது. முந்திய இரண்டு வருடக் கட்டுரைகளை இந்த வருடம் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. மருத்துவத்துக்கு இரண்டு வருடம் சரிவரலாம். ஆனால் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் நேர்காணல் எடுத்து, அதைத் தட்டச்சு செய்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, மதிப்பீட்டாளரிடம் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து வெளிவருகிற ஓர் ஆய்வு, தான் படித்த கட்டுரையை மேற்கோள் காட்டும்போது அந்த இரண்டு வருடம் எப்போதோ போயிருக்கும். 1971இலிருந்து வருகிற பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் சோஷல் வேர்க்கைக்கூட மருத்துவச் சஞ்சிகைகளின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத்தான் தெரியும். சஞ்சிகையின் எண்ணை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று ஆய்வுகளை மதிப்பிடுவது பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012இலேயே கேட்டுக்கொண்டது, பதவி உயர்வுப் படிவங்கள் அதைக் காதில் வாங்கினால்தானே.

எனக்கு முக்கியம், கட்டுரையை அங்கே யார், எப்படி வாசிக்கிறார்கள் என்பது. ஒரு மாணவிக்கு டொலரில் கட்டணம் கேட்ட சஞ்சிகையொன்று மூன்றே நாளில் பதில் போட்டது: தலைப்பைத் தடித்த எழுத்தில் போடவும், வரி இடைவெளியைச் சரிசெய்யவும், ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே கட்டுரைக்கு இன்னொரு சஞ்சிகை இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியது. நேர்காணலின்போது தோட்ட உத்தியோகத்தர் பக்கத்தில் நின்றாரா, சம்மதத்தை எந்த மொழியில் கேட்டீர்கள் என்றெல்லாம் கேள்விகள். பிள்ளை அழாக்குறையாக வந்தாள். எனக்கென்றால் சந்தோஷம்.

பெயர் பெற்றவையும் தப்பவில்லை. அமெரிக்காவில் வில்லியம் எப்ஸ்டீன் என்ற சமூகப்பணி ஆய்வாளர், ஆஸ்துமாப் பிள்ளைகளைக் கொஞ்சக் காலம் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பது பற்றி ஒரு போலிக் கட்டுரை எழுதி 140க்கு மேற்பட்ட சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். சிலவற்றுக்குப் பலன் கிடைத்தது என்ற வடிவம், மற்றவற்றுக்குப் பலனில்லை என்ற வடிவம். பலன் கிடைத்தது என்றதற்கே வரவேற்பு அதிகம். 1990இல் அதை அவர் வெளியிட்டார், அந்தப் பரிசோதனைக்காக அவர்மேல் ஒழுக்க முறைப்பாடும் வந்தது!

அதனால் இப்போது யார் கேட்டாலும், அந்தச் சஞ்சிகையின் கடைசி இரண்டு இதழ்களைத் திறந்து முறையியல் பகுதியை வாசியுங்கள், "எங்கள் திட்டம் பலனளிக்கவில்லை" என்று சொல்லும் ஒரு கட்டுரையாவது கிடைக்கிறதா பாருங்கள் என்கிறேன். சிலர் அதற்கப்புறம் என் பக்கம் வருவதில்லை, குறிப்பாகப் பதவி உயர்வு நேர்முகம் நெருங்கியவர்கள்.